மணற்பரப்பிலிருந்து கணிப்பொறித் திரைக்கு

தேர்வு என்னும் சொல் நம் இல்லங்களில் எழுப்பும் அச்சம் புதிதன்று. ஆனால் அந்த அச்சத்தின் முகம் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னர், தேர்வுக்குச் செல்லும் பிள்ளைக்குப் பெற்றோர் எடுத்து வைத்தவை இரண்டு பேனாக்கள், ஓர் அளவுகோல், தாளை வைத்து எழுத ஓர் அட்டை. இன்று வங்கிப் பணிக்கும், இரயில்வேப் பணிக்கும், மத்திய அரசின் அலுவலகப் பணிகளுக்கும், தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் பொறியியல் பயில்வதற்கும் தேர்வு எழுதச் செல்லும் பிள்ளைக்கு அந்த அட்டையால் பயனில்லை. அங்கே அவனுக்காகக் காத்திருப்பவை ஒரு கணிப்பொறித் திரை, ஒரு மவுஸ், திரையின் மூலையில் நொடிக்கு நொடி குறைந்துகொண்டே வரும் ஒரு கடிகாரம்.

இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இவ்விரு ஊர்களிலும், சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நூற்பாலைத் தொழிலாளர், நெசவாளர், சத்திரப்பட்டி வட்டாரத்தில் மருத்துவக் கட்டுத்துணி நெய்வோர், விவசாயக் கூலிகள் எனப் பலரும் வாழ்கின்றனர். இவர்களின் மகனோ மகளோ தமிழ்வழியில் நன்கு படித்து, பாடநூலைக் கரைத்துக் குடித்து, விடியுமுன் பேருந்து ஏறி 85 கிலோமீட்டர் கடந்து மதுரையின் தேர்வு மையமொன்றில் அமர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வினாவுக்கு விடை தெரியும். ஆனால் விடையைத் தேர்ந்தபின் எதை அழுத்த வேண்டும், விட்டுவந்த வினாவுக்கு எவ்வாறு திரும்புவது என்பவை தெரியவில்லை. கை நடுங்குகிறது, நேரம் ஓடுகிறது. இத்தகைய பிள்ளை தோற்றால், தோற்றது அறிவா, பழக்கமா? இக்கேள்விக்கு விடை காண வரலாற்றைச் சற்றே திருப்பிப் பார்ப்பது நலம். ஏனெனில், எழுதும் பரப்பு மாறுவது நம் நாட்டில் இது முதன்முறையன்று.

மணலும் ஓலையும்

நம் முன்னோர் எழுதக் கற்ற முதற்பரப்பு மணல். திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் முன் அமர்ந்து, பரப்பிய மணலில் சுட்டுவிரலால் எழுத்துகளை எழுதி, வாயால் உரக்கச் சொல்லி, அழித்து, மீண்டும் எழுதுவதே தொடக்கக் கல்வி. கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் தரப்படும். இடக்கையில் ஓலையைப் பற்றிக்கொண்டு, வலக்கையின் எழுத்தாணியை அதிகம் அழுத்தாமலும் அழுத்தம் குறையாமலும் செலுத்துவது எளிய செயலன்று. அழுத்தினால் ஓலை கிழியும். அழுத்தாவிட்டால் எழுத்துப் பதியாது. கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிய மையோ மஞ்சளோ தடவ வேண்டும். ஆகவே, மணலில் தேர்ந்த பிள்ளைக்கும் ஓலை புதிய பரப்பே. அதற்கெனத் தனிப் பயிற்சி வேண்டியிருந்தது.

மணலில் எழுதும் இம்முறை கடல் கடந்து சென்றது என்பது பலரும் அறியாத செய்தி. ஸ்காட்லாந்து நாட்டவரான ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு, 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை இல்லத்தை மேற்பார்த்து வந்தார். நம் நாட்டுப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்ட அவர், தம் இல்லத்திலும் மணற்பலகைகளை வைத்தார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் ‘சட்டாம்பிள்ளை’ முறையையும் கையாண்டார். 1797-இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூலின் வழியே இது ‘சென்னை முறை’ என்னும் பெயரால் இங்கிலாந்தில் பரவியது. தாளும் மையும் வாங்க இயலாத ஏழைப் பிள்ளைகள் அங்கே மணலில் எழுதக் கற்றனர். விலையில்லாப் பரப்பு ஒன்று கிடைத்ததால் கல்வியின் வாசல் அகன்றது.

எனினும், பழமையைப் போற்றும் ஆர்வத்தில் உண்மையை மறைத்தல் தகாது. மணல் இலவசம், திண்ணை அனைவருக்கும் இலவசமாக இருக்கவில்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பின் முடிவு 1826-இல் தொகுக்கப்பட்டபோது, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர் எனத் தெரியவந்தது. அன்றைய நிலையில் இது குறைந்த எண்ணிக்கையன்று. ஆனால் அவர்களுள் பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கோ பெரும்பாலான திண்ணைகள் மூடியே கிடந்தன. பரப்பு எளிதாகக் கிடைப்பது மட்டும் போதாது, அதனருகே அமர இடமும் கிடைக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். இன்றைய கணிப்பொறிக்கும் இது பொருந்தும்.

எழுத்தையே மாற்றிய பரப்பு

பரப்பு மாறும்போது எழுதுபவர் மட்டும் மாறுவதில்லை, எழுத்தும் மாறுகிறது. பனையோலையில் மெய்யெழுத்துக்கும் குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி வைத்தால் ஓலையில் துளை விழும் என்பதால், சுவடி எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உணர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. இக்குறையை நீக்கியவர் இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் (1680–1747). நெடிலுக்குத் தனிச் சுழிக்கொம்பும் மாற்று வடிவும் அமைத்து, குறிலையும் நெடிலையும் கண்ணாலேயே பிரித்தறியச் செய்தார். கோவில்பட்டிப் பக்கமுள்ள காமநாயக்கன்பட்டியிலும் பணியாற்றியவர் அவர் என்பது நம் வட்டாரத்தார் நினைவில் கொள்ளத்தக்கது. கற்போன் படும் இடர்ப்பாட்டைக் கண்டபோது, “பழகிக்கொள்” என்று சொல்லி அவர் கடந்து போகவில்லை; கருவியையே அவனுக்கேற்பத் திருத்தினார்.

அவருக்கு முன்னரே 1578-இல் அன்றிக்கு அன்றிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தது. ஆயினும் ஓலையிலிருந்து தாளுக்கு நம் மக்கள் முழுமையாக மாற மூன்று நூற்றாண்டுகள் ஆயின. அந்நெடிய இடைவெளியில் மக்கள் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டனர். நம் காலத்து மாற்றங்களோ அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாகட்டும் என 1978-இல் தமிழக அரசு ‘லை’, ‘னை’, ‘றா’ போன்ற எழுத்துகளின் வடிவைச் சீர்திருத்தியபோது, ஒரு தலைமுறைக்குள் பழைய வடிவங்கள் பாடநூல்களிலிருந்து மறைந்தன.

தாளில் எழுதும் தேர்வு

கற்றதை ஆசிரியர் முன் ஒப்பித்துக் காட்டுவதே நம் நாட்டின் பழைய தேர்வு முறை. ஆழ்வார் பாசுரங்கள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில் செவியும் நாவும் கல்வியின் கருவிகளாகப் பன்னூற்றாண்டுகள் விளங்கின. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்ட பிறகு, தாளில் எழுதும் தேர்வு நம் இளைஞரின் வாழ்வை முடிவு செய்யும் ஆற்றலாயிற்று. குறித்த நேரத்தில், குறித்த மேசையில், யாரெனத் தெரியாத ஒருவர் திருத்துவதற்காக எழுதுவது அன்றைக்கு முற்றிலும் புதிய அனுபவம். இன்று நாம் இயல்பானதென எண்ணும் தாள் தேர்வே, அன்று அந்நியக் கருவியாக இருந்தது.

அப்பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகளுள் ஒருவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. தாள் தேர்வில் முதல் வரிசையில் வென்ற அவரே, பின்னாளில் ஓலைச்சுவடிகளைத் தேடியெடுத்து ‘வீரசோழியம்’ முதலிய நூல்களை அச்சேற்றினார். புதிய பரப்பில் தேர்ந்தவர் பழைய பரப்பின் செல்வத்தைக் காத்தார். புதியதைக் கற்பது பழையதைத் துறப்பதாகாது என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தாளின் காலம் வேரூன்றியதற்கு அடையாளமாக இன்றும் நிற்பது பெனிங்டன் பொது நூலகம். அவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் அடங்கியிருந்த நாளில், ஆட்சியர் ஒருவரின் பெயரால் 1875-இல் தோன்றியது இந்நூலகம். சொந்தமாகப் புத்தகம் வாங்க இயலாதவரும் நாளிதழையும் நூலையும் கையில் எடுத்துப் பார்க்க அது வழி செய்தது. தனி ஒருவர் வாங்க முடியாததை ஊர் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்தது என்பதே இதன் பொருள்.

தாள் வந்த பின்னும் ஏழைப் பிள்ளைகளின் பரப்பு நெடுங்காலம் சிலேட்டாகவே இருந்தது. மரப்பலகையில் கரியும் கோவை இலைச் சாறும் பூசிக் கருமையாக்கி எழுதிய தலைமுறை ஒன்று உண்டு. கணித மேதை இராமானுஜன், தாள் விலை அதிகம் என்பதால் கணக்குகளைச் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார் என்பர். அக்குறிப்பேடுகளில் நிறுவல்கள் அருகிக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என ஆய்வாளர் கருதுவர். மேதையின் சிந்தனையிலேயே பரப்பு தன் சுவட்டைப் பதிக்குமெனில், பதினேழு வயதுப் பிள்ளையின் தேர்வில் அது தன் சுவட்டைப் பதிக்காதா?

தட்டச்சுப் பயிலகம் காட்டிய வழி

தாளுக்கும் திரைக்கும் இடையில் மற்றொரு கருவி வந்தது. நம்முள் மூத்தவர் பலருக்கு அதன் ஓசை இன்னும் காதில் ஒலிக்கும். அதுவே தட்டச்சு இயந்திரம். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய ஆர். முத்தையா தமிழுக்கு விசைப்பலகை அமைத்துத் தந்தார். இந்தியாவிலேயே தட்டச்சு இயந்திரம் செய்யும் பணியைக் கோத்ரெஜ் நிறுவனம் 1955-இல் தொடங்கியது. 1936-இல் தோன்றிய இராஜபாளையம் மில்ஸ் முதலாக நூற்பாலைகளும் வணிக நிலையங்களும் பெருகிய ஊரில், தட்டச்சு தெரிந்த இளைஞனுக்கும் இளம்பெண்ணுக்கும் அலுவலக வாசல் திறந்தது. தமிழகத்தின் சிற்றூர்கள்தோறும் கடைத்தெருவின் மாடியில் ஒரு தட்டச்சுப் பயிலகம் காணப்பட்ட காலம் அது.

அப்பயிலகம் செய்த சமூகப் பணியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. ஓர் இயந்திரத்தை விலை கொடுத்து வாங்கும் வசதி நூற்றில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் சிறு மாதக் கட்டணத்திற்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் அதன் முன் அமரலாம். முதல் வாரம் முழுவதும் ஒரே வரிசை எழுத்துகளைத் திரும்பத் திரும்ப அடிப்பதே பாடம். பொருளற்ற பயிற்சி போல் தோன்றும் அதன் நோக்கம், விரலை இயந்திரத்துக்குப் பழக்குவது. விரல் பழகிய பிறகே சொல்; சொல் பழகிய பிறகே கடிதம். ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45 சொற்கள் என வேகம் அளக்கப்பட்டது. தேர்வு நாளன்று பயிலகத்தின் இயந்திரங்களையே வண்டியில் ஏற்றித் தேர்வு மையத்துக்குக் கொண்டு செல்லும் வழக்கமும் இருந்தது. பிள்ளை எந்த இயந்திரத்தில் பழகினானோ அதிலேயே தேர்வு எழுதட்டும் என்னும் எளிய நீதி அதில் இருந்தது.

கருவியைப் பழகுவது ஒன்று, அறிவைக் காட்டுவது மற்றொன்று என்பதை அப்பயிலக ஆசிரியர்கள் தெளிவாக உணர்ந்திருந்தனர். இத்தெளிவு இன்றும் நமக்குத் தேவைப்படுகிறது.

திரை வந்த கதை

தேர்வுக்குள் இயந்திரம் நுழைந்தது முதலில் திருத்துவோனாகத்தான். அமெரிக்காவில் பள்ளி ஆசிரியராக இருந்த ரெனால்டு ஜான்சன் என்பவரின் கண்டுபிடிப்பைக் கொண்டு, ஐ.பி.எம். நிறுவனம் 1938-இல் விடைத்தாள் மதிப்பிடும் இயந்திரம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பென்சில் கரியின் வழியே மின்னோட்டம் செல்வதைக் கொண்டு அது விடையை அறிந்தது. பின்னர் ஒளியால் படிக்கும் முறை வந்தது. அதன் வழியே நம் பிள்ளைகள் வட்டங்களைக் கருமையாக்கும் விடைத்தாளுக்குப் பழகினர். அப்போதும் எழுதும் கையும் தாளும் மாறவில்லை.

நம் நாட்டுப் பள்ளிகளில் கணிப்பொறி பரவலாகக் காலடி வைத்தது 1984–85-இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தின் வழியே எனலாம். இங்கிலாந்திலிருந்து வந்த பி.பி.சி. மைக்ரோ கணிப்பொறிகள் சில நூறு பள்ளிகளுக்குத் தரப்பட்டன. அதே 1984-இல் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தோன்றியது. கல்லூரியில் சேர்ந்தவருக்குக் கணிப்பொறி பழக்கமாயிற்று. கல்லூரிக்குள் நுழைவதற்கே கணிப்பொறிப் பழக்கம் வேண்டும் என்னும் நிலை அன்று எழவில்லை. அது பின்னர் வந்தது.

மேலாண்மைக் கழகங்களின் பொது நுழைவுத் தேர்வு 2009-இல் தாளைக் கைவிட்டுக் கணிப்பொறிக்கு மாறியது. முதல் நாட்களிலேயே பல மையங்களில் கணிப்பொறிகள் செயலிழந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2010 ஜனவரியில் மறுதேர்வு நடந்தது. எனினும் மாற்றம் நிற்கவில்லை. வங்கித் தேர்வுகள், பொறியியல் பட்டதாரிகளுக்கான ‘கேட்’ தேர்வு, 2016-இல் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரிகள் தேர்வும் இரயில்வேத் தேர்வும், 2018 டிசம்பரில் பேராசிரியர் தகுதிக்கான ‘நெட்’ தேர்வு, 2019-இல் பொறியியல் நுழைவுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு, 2022-இல் மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு என ஒன்றன்பின் ஒன்றாகத் திரைக்கு மாறின. தமிழகத்தில் ஆசிரியர் தேர்வு வாரியம் 2019 ஜூன் மாதம் கணிப்பொறிப் பயிற்றுநர்களுக்கு நடத்திய கணிப்பொறி வழித் தேர்விலேயே சில மையங்களில் கோளாறு ஏற்பட்டு, மறுதேர்வு வைக்க நேர்ந்தது. கணிப்பொறியைக் கற்பிக்க வந்தவர்களே திரையின் முன் திகைத்து அமர நேர்ந்ததெனில், அதை முதன்முறை காணும் கிராமத்துப் பிள்ளையின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

இம்மாற்றத்தால் நன்மையும் உண்டு. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் வினாக்கள் 2021 முதல் தமிழிலும் வந்தன. மத்திய ஆயுதக் காவற்படைகளின் காவலர் தேர்வு 2024-இல் தமிழிலும் நடந்தது. மொழித் தடை ஓரளவு நீங்கிய வேளையில் கருவித் தடை எஞ்சி நிற்கிறது.

அச்சம் எவ்வளவு உண்மை?

திரையின் முன் அமர்வதால் மதிப்பெண் குறையுமா? இக்கேள்வி உலகெங்கும் ஆராயப்பட்டுள்ளது. ஆங்கில மொழித்திறனைச் சோதிக்கும் ‘டோஃபெல்’ தேர்வு 1998-இல் கணிப்பொறிக்கு மாறியபோது, கணிப்பொறி அறியாத வெளிநாட்டு மாணவர் பாதிக்கப்படுவரோ என்னும் ஐயம் எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆய்வு நடந்தது. மவுஸை நகர்த்துவது, திரையை மேலும் கீழும் உருட்டுவது, விடையைத் தேர்வது ஆகியவற்றைத் தேர்வுக்கு முன் பயிற்சியாகக் கற்றுத் தந்தனர். அப்பயிற்சிக்குப் பின் எழுதிய தேர்வில், முன்பே கணிப்பொறி பழகியவர்க்கும் பழகாதவர்க்கும் இடையே, மொழித்திறனைக் கணக்கில் கொண்டு பார்த்தால், பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

மற்றோர் ஆய்வு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளில் 2015, 2016 ஆகிய ஆண்டுகளின் தேர்வுகளைப் பற்றியது. ஒரே தேர்வைச் சில பள்ளிகள் தாளிலும் சில பள்ளிகள் கணிப்பொறியிலும் நடத்தின. முதலாண்டில் கணிப்பொறியில் எழுதியவர்கள் தாளில் எழுதியவர்களினும் தாழ்ந்தனர். கணிதத்தை விட ஆங்கில மொழிப்பாடத்தில் இழப்பு மிகுதி. இரண்டாம் ஆண்டில் அந்த இழப்பு கணிதத்தில் மூன்றில் ஒரு பங்காகவும், மொழிப்பாடத்தில் ஏறத்தாழப் பாதியாகவும் குறைந்தது.

இவ்விரு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெளிவாகிறது. அச்சம் பொய்யன்று, முதன்முறை திரையைக் காண்பவர் உண்மையாகவே இழக்கிறார். ஆனால் அந்த இழப்பு நிலையானதன்று. பழக்கத்தால் பெரும்பகுதி கரைந்துவிடும். விடையைத் தேர்ந்து குறிக்கும் திறன் சில மணி நேரப் பயிற்சியில் கைவரும்; நீண்ட பத்திகளைத் திரையில் படித்து மனத்தில் நிறுத்தும் திறனுக்குச் சில வாரங்களாவது வேண்டும். எப்படியாயினும் இச்சுங்கத்தைத் தேர்வு நாளன்று செலுத்தலாகாது. அதற்கு முன்பே செலுத்திவிட வேண்டும்.

எதைப் பழக வேண்டும்?

“எங்கள் பிள்ளை எந்நேரமும் கைப்பேசியில்தானே இருக்கிறான், அவனுக்கென்ன பழக்கம்?” என்று பெற்றோர் சிலர் கருதலாம். கைப்பேசிப் பழக்கம் வேறு, தேர்வுக் கணிப்பொறிப் பழக்கம் வேறு. கைப்பேசியில் விரல் திரையையே தொடுகிறது. கணிப்பொறியிலோ கை ஓரிடத்தில் அசைய, அம்பு வேறோரிடத்தில் நகர்கிறது. கண்ணும் கையும் இவ்வாறு பிரிந்து செயற்படப் பழக வேண்டும்.

ஜே.இ.இ. போன்ற தேர்வுகளில் விசைப்பலகையைத் தொடவே கூடாது. தொட்டால் திரை பூட்டிக்கொள்ளும். கண்காணிப்பாளரை அழைத்தே திறக்க வேண்டும். எண்களை விடையாகத் தர நேர்ந்தால் திரையில் தோன்றும் எண்பலகையை மவுஸால் அழுத்த வேண்டும். விடையைத் தேர்ந்தால் மட்டும் போதாது. அதைச் சேமித்து அடுத்த வினாவுக்குச் செல்லும் பொத்தானையும் அழுத்த வேண்டும். திரையின் ஓரத்தில் வினா எண்கள் வண்ணங்களில் தோன்றும். விடையளித்தது பச்சை, பார்த்தும் விடையளிக்காதது சிவப்பு, மீண்டும் பார்க்கக் குறித்து வைத்தது ஊதா. இவ்வண்ணங்களின் பொருளைத் தேர்வறையில் போய்க் கற்பது, போர்க்களத்தில் போய் வாள் பிடிக்கக் கற்பது போன்றதாகும்.

இவற்றினும் கடினமானது கண்ணின் பயணம். தாளில் வினாவின் அருகிலேயே கோடிடலாம், படத்தில் அம்பு வரையலாம், பத்தியின் முக்கியச் சொல்லை அடிக்கோடிடலாம். திரையில் வினா எதிரே நிற்கிறது. கணக்கைப் போடும் வெற்றுத்தாள் கீழே கிடக்கிறது. எண்களைத் திரையிலிருந்து தாளுக்கு மாற்றும்போது ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும் விடை தவறிவிடும். வெற்றுத்தாளில் வினா எண்ணைத் தெளிவாக எழுதி, ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகப் போடும் ஒழுங்கு வேண்டும். இராமானுஜனின் சிலேட்டைப் போலவே இன்று அவ்வெற்றுத்தாள் பயன்படுகிறது. வீட்டில் தாளிலேயே மாதிரித் தேர்வு எழுதிப் பழகும் பிள்ளைக்கு இந்த ஒழுங்கு தானாக வாராது. கிழமைக்கு ஒன்றாக, முழு நேரமும் திரையின் முன் அமர்ந்து எழுதும் மாதிரித் தேர்வுகளே அதைத் தரும். மூன்று மணி நேரம் கண் இமைக்காது திரையை நோக்கினால் கண் வறளும், கழுத்து வலிக்கும். அவ்வப்போது கண்ணை மூடித் திறப்பதும் தொலைவில் நோக்குவதும்கூடப் பயிற்சியின் பகுதியே.

ஊர் செய்ய வேண்டியது

அரசு இத்தேவையை உணராமலில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்புகளில் பயின்ற பல இலட்சம் பிள்ளைகளின் இல்லங்களுக்குக் கணிப்பொறியைக் கொண்டு சென்றது. தேசியத் தேர்வு முகமை 2018-இல் நாடெங்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் வார இறுதிப் பயிற்சி மையங்களைத் தொடங்கியது. தேர்வுச் சீர்திருத்தத்துக்கென 2024-இல் அமைந்த இராதாகிருஷ்ணன் குழு, தொலைவில் வாழும் மாணவருக்காக நடமாடும் தேர்வு மையங்களைப் பரிந்துரைத்தது. இவை நல்ல முயற்சிகளே. எனினும், அரசு தரும் கருவி இல்லத்தின் பரணில் தூங்கினால் பயன் என்ன? மன்றோ காலத்துத் திண்ணையைப் போல, பயிற்சி மையம் இருந்தும் அதன் அருகே செல்ல வழியற்ற பிள்ளைகள் இன்றும் உள்ளனர். குறிப்பாக, மாலைக்குப் பின் வெளியே அனுப்பத் தயங்கும் இல்லங்களின் பெண் பிள்ளைகள் இவ்வகையினர்.

இங்கேதான் பழைய நூலகமும் தட்டச்சுப் பயிலகமும் நமக்கு வழிகாட்டுகின்றன. பத்துப் பழைய கணிப்பொறிகள், மடிக்கணினியோடு இணைக்க மலிவான மவுஸ்கள், இணையத்திலிருந்து இறக்கி வைத்த மாதிரித் தேர்வுகள், பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர், கல்லூரியில் பயிலும் இரண்டு இளைஞர் ஆகியோர் இருந்தால் ஒரு பயிலகம் உருவாகிவிடும். இராஜபாளையத்தில் 1973 முதல் ராஜூக்கள் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் கற்கும் ஆயிரக்கணக்கான மாணவர் இருக்கின்றனர். அவர்களுள் பலர் இத்தேர்வுகளை எழுதி வந்தவர்களே. சட்டாம்பிள்ளை முறையை உலகுக்குத் தந்த நாட்டில், மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஞாயிறு திருப்பலி முடிந்தபின் பூட்டிக் கிடக்கும் பங்கு மன்றமும், மாலை ஐந்து மணிக்கு மேல் வெறிச்சோடும் பள்ளியின் கணிப்பொறி அறையும் இதற்குப் போதும். சாதி, சமய வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்வறை திறந்திருத்தல் வேண்டும்.

தேர்வு அறிவைச் சோதிக்கட்டும். அதில் யாருக்கும் சலுகை வேண்டியதில்லை. ஆனால் நூற்பாலைத் தொழிலாளியின் மகள் ஆண்டு முழுதும் உழைத்துச் சேர்த்த அறிவை, ஒரு மவுஸைப் பிடிக்கத் தெரியாமையால் இழப்பது அவள் குற்றமாகாது. கடந்த காலத்தில் மணலைப் பரப்பித் தந்தவர் இருந்தனர். எழுத்தைத் திருத்தித் தந்தவர் இருந்தார். நூலகம் கட்டித் தந்தவர் இருந்தனர். இயந்திரத்தை வண்டியில் ஏற்றித் தேர்வு மையத்துக்குக் கொண்டு சென்றவர் இருந்தனர். அவர்கள் வரிசையில் நிற்கும் வாய்ப்பு இப்போது நமக்கு வந்திருக்கிறது. அடுத்த தேர்வு அறிவிப்பு வெளிவரும் முன்னர், நம் ஊரில் ஓர் அறையேனும் திறக்கட்டும்.